பெண்கள் பக்கத்துக் கமரா

பல்லேபொல
28.08.1967

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த நடுச்சாமத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்கவும். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து மன்னித்துவிடுங்கள். பகலில் நம் மகள் என்னை விடுவதில்லை, இப்போதுதான் கண் அயர்ந்திருக்கிறாள். பதினான்கு நாள் பிள்ளை தூங்கும்போது தாயும் தூங்க வேண்டுமாம். பாயில் படுத்தபடியே உம்மா ஏசிக்கொண்டிருக்கிறார். மகளுக்கு மூச்சு வருகிறதா என்று மூன்று தடவை எழும்பி மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டேன். நேற்று முழுக்க வயிறு கல் மாதிரி இருந்தது. ஓமத்தண்ணீர் கொடுத்த பிறகு கொஞ்சம் தேவலை.

நீங்கள் கேட்ட கமராவை ரவூப் மாமா நாளைக் காலை பஸ்ஸில் கொண்டுவருவார். இரண்டு கமராவும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோலவே இருப்பதால் மறுபடியும் சொல்கிறேன், வாரில் பச்சை நாடா கட்டியிருப்பது என்னுடையது. மகளை எட்டுப் படம் எடுத்தேன். அந்த ரோலைக் கழற்றி என்னிடமே வைத்துக்கொண்டேன். கமரா வெறுமையாகத்தான் வருகிறது.

யட்டவத்த நாச்சியா மாமியின் மூத்த மகள் கல்யாணத்தில் படம் எடுக்க நீங்கள் சொன்ன ஏற்பாட்டில் எனக்கு முழுச் சம்மதமில்லை. ஆனால் பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியாமல் நான் வாசலைத் தாண்ட முடியாது, வேறு ஆளும் இல்லை. சரி, அப்படியே செய்யுங்கள். தூரத்தையும் வெளிச்சத்தையும் நீங்களே சரிசெய்து, பெண்கள் பக்கத்தை மறைக்கிற திரைக்கு மேலால் என் கமராவை உள்ளே கொடுங்கள். றம்லாவிடம் கொடுங்கள். கல்யாணப் பெண்ணின் தங்கை அவள். நான் படிப்பித்த ஒரு வருஷத்தில், கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்குமுன் விடை சொல்கிற பிள்ளை அவள் ஒருத்திதான். இந்த டிசம்பரில் சோதனை எழுதப்போகிறாள். ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள்.

எதற்காக இரண்டு கமரா வைத்திருக்கிறோம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. ஒரே கமராவில் எடுத்தால் ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒரே ரோலில் விழும். கழுவுகிறவர் எல்லாரையும் பார்ப்பார். மூன்று வருஷமாக எத்தனை வீடுகளில் முக்காட்டை எடுத்துவிட்டு, பூ வைத்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு என் முன்னால் நின்றார்கள். கமராவை நம்பியா நின்றார்கள்? மஸீனாவே எடுப்பாள், மஸீனாவே கழுவிப் பிரிண்ட் போடுவாள், நெகட்டிவ்வையும் வீட்டுக்காரியின் கையில் கொடுத்துவிடுவாள் என்ற பேச்சை நம்பித்தான். எனக்கென்று ஊரில் இருப்பது அந்தப் பேச்சு ஒன்றுதான்.

ஆகவே படம் எடுத்து முடிந்ததும் ரோலைக் கழற்றி, டப்பாவில் போட்டு, மூடி, அலுமாரியில் வையுங்கள். நாற்பது கழிந்து நான் வந்து கழுவுகிறேன். நாச்சியா மாமி அதுவரை பொறுத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
மஸீனா


மாத்தளை
06.09.1967

மஸீனாவுக்கு,

ஸலாம். மகள் சுகம்தானே? வயிறு சரியாகிவிட்டதா? நீ விரலை வைத்து வைத்தே அவளை எழுப்பிவிடுகிறாய் போல.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. போயா லீவு என்பதால் ஊரே திரண்டு வந்திருந்தது. இரண்டு கமராவையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் இறங்கினேன். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருத்தர், "என்ன தம்பி, ஒரு கண்ணுக்கு ஒண்ணா?" என்று கேட்டார். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு பொஞ்சாதிக்கு" என்றேன். "வராத பொஞ்சாதிக்கும் வேல குடுக்கிறீங்களே, நீங்க பெரிய ஆள்தான்" என்றார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. கழுத்து மட்டும் இன்னும் வலிக்கிறது.

நீ சொன்ன மாதிரியே திரைக்கு மேலால் நீட்டினேன். மருதாணி போட்ட கை ஒன்று வாங்கிக்கொண்டது. பத்தடி தள்ளி நிற்கவேண்டும், இதை அமுக்கவேண்டும், ஒவ்வொரு தடவையும் பிளாஷ் பல்பை மாற்றவேண்டும் என்றேன். "பல்ப் சுட்டா துணியால புடிச்சுக் கழட்டலாமா, சேர்?" என்று உள்ளிருந்து கேட்டது. உன் றம்லாவாகத்தான் இருக்கும்.

ரோல் டப்பாவில். டப்பா அலுமாரியில். அலுமாரிச் சாவி என் சட்டைப் பையில். இனியாவது தூங்கு.

கடைச் சோறு வாய்க்குச் சரிவரவில்லை. எப்போது வருகிறாய்?

ஜைனுதீன்


பல்லேபொல
14.09.1967

மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று நாச்சியா மாமி பிள்ளை பார்க்க வந்தார். இரண்டு பஸ் மாறி, ஒரு நாட்டுக்கோழியும், மிளகும், உள்ளிப்பூண்டும் சுமந்துகொண்டு வந்தார். வாசலில் ஏறும்போதே கண் கலங்கியிருந்தது. ஏனென்று எனக்கு விளங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நாப்பது கழியல்ல, அதுக்குள்ள இருட்டறைக்குள்ள ஈரத்துல நின்னீங்களாமே, மகள். ஒங்க மாப்புள சொன்னாங்க. 'நீங்க அவசரம்னு கேட்டதால ரெண்டு நாளைக்கு வந்து கழுவிக் குடுத்துட்டுப் போயிட்டா'ன்னு. எனக்கு மனசு கேக்கல்ல. பச்ச ஒடம்பு. இந்தக் கோழிய மிளகு போட்டுக் காய்ச்சிக் குடிங்க."

உம்மா வாயைத் திறந்தார். நான் உம்மாவின் காலை மிதித்தேன். பிறகு நாச்சியா மாமியைப் பார்த்து, "ஆமா மாமி" என்றேன்.

மச்சான், பிள்ளை பெற்ற பிறகு நான் சொன்ன முதல் பொய் அது. அதையும் உங்களுக்காகச் சொன்னேன். அவர் போன பிறகு உம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். கோழியைக் காய்ச்சி என் முன்னால் வைத்தார். நான் குடிக்கவில்லை.

மாமி அல்பத்தையும் கொண்டுவந்திருந்தார். நான் போட்ட பிரிண்ட் என்று நினைத்து எனக்கே காட்டினார். ஒவ்வொரு தாளாகத் திருப்பி, "இது நல்லா வந்திருக்கு, ஒங்க கைராசி" என்றார். அந்தப் பெண்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். கழுத்துச் சேலை நழுவியிருப்பது தெரியாமல் நின்றவர்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே சிரித்தவர்கள். நான் பார்ப்பேன் என்று நின்றார்கள். பார்த்தது நீங்கள்.

ரோலில் முப்பத்தாறு படம். அல்பத்தில் இருபத்தொன்பது. நான் கணக்கு படிப்பித்தவள். மீதி ஏழும் எங்கே? நெகட்டிவ் எங்கே? "அது மஸீனாகிட்டயே இருக்கட்டும், கேக்கிற நேரம் பிரிண்ட் போடலாம்" என்று அவரிடம் சொன்னீர்களாமே. எந்த மஸீனாவிடம்?

ரோல் டப்பாவில், டப்பா அலுமாரியில் என்று எனக்கு எழுதியபோது உங்கள் கையில் படம் கழுவுகிற ஹைப்போ மணம் போயிருந்ததா?

மஸீனா


மாத்தளை
17.09.1967

மஸீனாவுக்கு,

ஸலாம். உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஆளைக் கொன்றுவிட்டேனோ என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளை குருநாகல் கடைக்குத் திரும்பிப் போகவேண்டும், போகுமுன் அல்பத்தைப் பார்க்கவேண்டும் என்று நின்றார். நாச்சியா மாமி பொறுப்பார், மருமகன் பொறுப்பாரா? "மற்றக் கடையில கழுவிக்கிறோம்" என்று ரோலையே கேட்டார்கள். அங்கே கழுவுவது யார், பெண்ணா? அதற்கு நான் கழுவியது பரவாயில்லை என்றுதான் கழுவினேன். நெகட்டிவ்வில் முகம் கறுப்பு, முடி வெள்ளை. அதில் யார் எவரென்று யாருக்குத் தெரியும்? டொக்டர் பார்ப்பதில்லையா? நான் பார்த்தது வெளிச்சத்தை. பெண்களையல்ல.

உன் பெயரைச் சொன்னேன்தான். உன் பெயரைச் சொன்னால்தான் அந்த வாசல்கள் திறக்கின்றன. நாலு மணி நேரம் சிவப்பு விளக்கில் நின்றவன் நான், கோழி உனக்கு. நான் ஏதும் சொன்னேனா?

ஏழு படமும் பழுது. ஒன்றில் கண் மூடியிருக்கிறது, ஒன்றில் விரல் மறைக்கிறது, மற்றவை ஆடிப்போய்விட்டன. குப்பையில் போட்டேன். நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கல்லூரியில் படித்த பெண்ணைக் கட்டினால் கடிதம் நன்றாக எழுதுவாள் என்று சொன்னார்கள். இப்படி எழுதுவாள் என்று யாரும் சொல்லவில்லை. உனக்குக் கமரா பிடிக்கப் பழக்கியவன் நான். அடுத்த வெள்ளியோடு நாற்பது முடிகிறது. வந்து சேர். வீடு வீடாக இல்லை.

ஜைனுதீன்


பல்லேபொல
05.10.1967

மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாற்பது கழிந்து பன்னிரண்டு நாளாகியும் நான் வராததற்கு மகளின் வயிற்றைச் சாட்டாக எழுத நினைத்தேன். அவள் வயிறு இப்போது நன்றாக இருக்கிறது. வரப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நேற்று நாச்சியா மாமி மறுபடியும் வந்தார். றம்லாவும் கூட வந்தாள். மாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம் கடை அறைக்குச் சொந்தக்காரர் அப்துல் ஸமத் முதலாளியின் வீட்டிலிருந்து மகனுக்கு றம்லாவைக் கேட்டு வந்திருக்கிறார்களாம். பெண் பார்க்கக்கூட வேண்டாம், மகனுக்குப் பிடித்துவிட்டது என்றார்களாம். "ஸ்கூலுக்குப் போற வழியில கண்டிருப்பாரு. எங்க ராசி பாருங்க, மகள்" என்றார். நோன்புக்கு முன்னாலேயே, நவம்பர் முதல் வாரத்தில் நிக்காஹ். இனி ஸ்கூல் வேண்டாம் என்று அவள் வாப்பா றஹீம் மாமா நிறுத்திவிட்டாராம். டிசம்பர் சோதனையும் இல்லை.

நான் கிணற்றடியில் பிள்ளையின் துணிகளை அலசப் போனேன். றம்லா பின்னாலேயே வந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை.

"டீச்சர், அவரோட தங்கச்சி எங்க வகுப்புதான். அவ சொன்னா, 'எங்க நானா ஒன்ட போட்டோவ புத்தகத்துக்குள்ள வெச்சிருக்காரு'ன்னு. நான் நம்பல்ல. எப்படி நிக்கிறேன் அதுலன்னு கேட்டேன். 'முடிய அவுத்துப் போட்டு, வாயில ஹேர்பின்ன கடிச்சிக்கிட்டு சிரிக்கிறாய்'ன்னா. அப்படி ஒரு படம் இருக்கு, டீச்சர். நான் தலை வாரிக்கிட்டு இருந்தப்போ கல்யாணப் பொண்ணு எங்க ராத்தாவே என் மடியிலயிருந்து கமராவ பறிச்சு வெளையாட்டுக்கு எடுத்தது. அது அல்பத்துல இல்ல."

"உம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னா, நானே அவருக்குக் குடுத்தேன்னு நெனைப்பாங்க. வாப்பா என்ன வெட்டிப் போடுவாங்க. இல்லாட்டி, கெட்ட பேர் வந்துடிச்சின்னு நாளைக்கே முடிச்சு வெப்பாங்க. அந்தப் படம் டீச்சர்கிட்ட மட்டும்தானே இருந்திச்சு."

பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "நீங்களா குடுத்தீங்க, டீச்சர்?"

பிள்ளை அழுகிறாள் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். பிள்ளை அழவில்லை.

குப்பையில் போட்ட ஏழில் ஒன்று அப்துல் ஸமத் முதலாளியின் வீட்டுக்கு எப்படி நடந்து போனது? உள்ளதை எழுதுங்கள். இந்த ஒரு தடவையாவது.

மஸீனா


மாத்தளை
09.10.1967

மஸீனாவுக்கு,

உள்ளதைத்தானே கேட்டாய். கேட்டுக்கொள்.

அப்துல் ஸமத் முதலாளி கடைக்கு வந்தார். கடை அறை அவருடையது என்பது உனக்கே தெரியும். மகனுக்கு ஒரு நல்ல பிள்ளை அமையவில்லை என்று அரைமணி நேரம் உட்கார்ந்து கவலைப்பட்டார். மேசையில் பிரிண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் அவர் முன்னால் தூக்கிக் காட்டவில்லை. அவராகவே பார்த்தார். "இது யார் வீட்டுப் பிள்ள?" என்றார். சொன்னேன். "இத நான் கொண்டுபோய் வீட்டில காட்டிட்டுத் தர்றேன்" என்றார். வேண்டாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நீ இங்கே இருந்திருந்தால் சொல்லிக் காட்டியிருப்பாயோ?

அதில் என்ன கெட்டுப்போனது? மகன் குடிக்கிறவனல்ல, சீட்டாடுகிறவனல்ல. பெரிய வீடு. றம்லா சோதனை எழுதி என்னத்தைக் காணப்போகிறாள்? நீ எழுதினாய், ஒரு வருஷம் படிப்பித்தாய், பிறகு கல்யாணம் முடித்துப் பிள்ளைத் துணி அலசுகிறாய். அவள் அதை ஒரு வருஷம் முந்திச் செய்யப்போகிறாள், அவ்வளவுதான்.

நீ வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று யோசி. றஹீம் மாமா அந்தக் கணமே சம்பந்தத்தை முறிப்பார். முதலாளி எங்களை அடுத்த நாளே கடையை விட்டு எழும்பச் சொல்வார். மகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது, உன் உம்மாவின் அடுப்படிக்கா? ஊரில் ஒரு வாசலும் திறக்காது. எனக்கல்ல, உனக்கு. நாச்சியா மாமியிடம் "ஆமா" என்று சொன்னவள் நீதான். அதை நான் சொல்லச் சொன்னேனா?

முடிவாக ஒன்று. றம்லாவின் கல்யாணத்துக்கும் எங்களைத்தான் பேசியிருக்கிறார்கள். பெண்கள் பக்கத்துக்கு நீயேதான் வரவேண்டும் என்று நாச்சியா மாமி கேட்டாராம். பச்சை நாடாக் கமராவைத் துடைத்து வைத்திருக்கிறேன். இந்தக் கிழமைக்குள் வா.

ஜைனுதீன்


பல்லேபொல
15.10.1967

மச்சான் அவர்களுக்கு,

நேற்றுக் காலை மகளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு யட்டவத்தைக்குப் போனேன். உம்மா கூட வருகிறேன் என்றார், வேண்டாமென்றேன். மாத்தளையில் பஸ் மாறினேன். பஸ் நம் கடை வாசலால்தான் போனது. நீங்கள் கண்ணாடி அலுமாரியைத் துடைத்துக்கொண்டு நின்றீர்கள். மகள் விழித்துத்தான் இருந்தாள். நான் இறங்கவில்லை.

வழி முழுக்க, எப்படிச் சொன்னால் உங்களுக்குக் குறைவாக அடிபடும் என்றுதான் யோசித்தேன். அதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. முதலாளியின் முன்னால் உங்களால் பேச முடியாமல் போனது எனக்கு விளங்காமலில்லை. நாச்சியா மாமியின் முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன். ஆனால் நான் சொன்ன பொய்யில் கோழிதான் வந்தது. உங்கள் பொய்யில் ஒரு பிள்ளை போகப்போகிறது.

நாச்சியா மாமி தேத்தண்ணீர் வைக்கப் போனார். குடிக்குமுன் சொல்லிவிட்டேன். நான் கழுவவில்லை, நீங்கள் கழுவினீர்கள், படம் கடை மேசையிலிருந்து முதலாளியின் கைக்குப் போனது, றம்லாவுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை, எல்லாம் சொன்னேன். உள்ளறையில் இருந்த றஹீம் மாமாவுக்கும் கேட்டிருக்கிறது. எழும்பி வாசல்வரை வந்து, உள்ளே வராமல் நின்று, ஒன்றே ஒன்று கேட்டார்.

"எங்க புள்ள குடுக்கல்லதானே?"

"இல்ல, மாமா. அந்தப் படம் அவ கைக்கு வந்ததே இல்ல."

தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார், செருப்பை மாட்டினார், ரோட்டுக்கு இறங்கிவிட்டார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

நாச்சியா மாமி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. முந்தானையை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார்.

"நான் கோழி கொண்டுவந்த அன்னைக்கி 'ஆமா மாமி'ன்னு சொன்னீங்களே, மகள்."

"சொன்னேன்."

"அப்ப ஒங்களுக்குத் தெரியுமா, அவரு கழுவினதுன்னு?"

"நீங்க சொன்னப்போதான் தெரிஞ்சது. ஒரு நிமிஷம்தான்."

"இல்லன்னு சொல்ல ஒரு நிமிஷம் போதுமே."

அதற்குப் பதில் உங்களிடம் இருக்கலாம்.

நான் எழும்பியபோது மாமி மகளின் தலையைத் தடவினார். மகளைத்தான், என்னையல்ல. பிறகு, "இனி எங்க வாசலுக்குக் கமராவோட வர வேணாம். ஒண்ணோடயும் வேணாம், ரெண்டோடயும் வேணாம்" என்றார். மரியாதையாகவே சொன்னார். அதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

றம்லா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் மருதாணி காய்ந்துகொண்டிருந்தது. யாரோ பரீட்சித்துப் பார்க்கப் போட்டுவிட்டிருக்கிறார்கள். சோதனை எழுதலாம், இனி யாரும் தடுக்கமாட்டார்கள் என்று சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"பத்து நாள், டீச்சர்" என்றாள். "கிணத்தடியில கேட்டு பத்து நாள். அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"ஒங்க சேர்கிட்ட கேட்டுட்டுச் சொல்லலாம்னு…"

"எனக்குத் தெரியும். அவர்கிட்டதான் மொதல்ல கேப்பீங்கன்னு."

கையிலிருந்த மருதாணியைச் சுரண்டத் தொடங்கினாள். நான் புறப்பட்டபோது ஸலாமும் சொல்லவில்லை. சோதனை எழுதுவாள். அதற்குப் பிறகு என்ன என்று அவள் வாப்பாதான் முடிவு செய்வார். என்னால் ஆனது அவ்வளவுதான், அதுவும் பத்து நாள் பிந்தி.

நீங்கள் எழுதியது சரி. இனி ஒரு வாசலும் எனக்குத் திறக்காது. யட்டவத்தையிலிருந்து மாத்தளைக்கு இந்தக் கதை எனக்கு முந்திய பஸ்ஸிலேயே வந்து சேர்ந்திருக்கும். கடை அறையை விட்டு எழும்பச் சொன்னால் எழும்பத்தான் வேண்டும். அதற்கு உங்களுக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். நான் கோபப்பட்டு முடித்துவிட்டேன், இனி உங்கள் முறை.

வருகிற வெள்ளி ஜும்மாவுக்குப் பிறகு றஹீம் மாமா கடைக்கு வருவாராம். நெகட்டிவ் முழுவதையும், பழுதென்று சொன்ன ஏழு படத்தையும் சேர்த்து, அவர் கையில் கொடுங்கள். முதலாளி மகனிடம் இருக்கும் பிரிண்டை நீங்களே போய் வாங்கி வையுங்கள். முடியாது என்று எழுதாதீர்கள்.

நான் எப்போது வருவேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறீர்கள். அதற்கு முதல் எனக்கு ஒன்று தெரியவேண்டும். நான் இங்கே வந்த பிறகு இன்னும் மூன்று கல்யாணம் பேசியிருந்தீர்கள். அந்த வீடுகளிலும் திரைக்கு மேலால் கமராவைக் கொடுத்தீர்களா? அங்கேயும் மஸீனா கழுவினாளா? எத்தனை ரோல், எந்தெந்த வீடு என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். அவர்கள் யாரோ சொல்லிக் கேட்கக்கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வாசலாக நான்தான் போகவேண்டும்.

தயவுசெய்து இந்தக் கடிதத்துக்குச் சீக்கிரம் பதில் போடுங்கள்.

மஸீனா